ஹீட்டர், காவடி விளக்கு, ஃபிரிட்ஜ்: மீட்டரில் பார்த்ததைப் பகிருங்கள்

ஆயர் ஈத்தாம் வயர்மேன்

குளியலறை ஹீட்டர் சரியாகச் சூடாகவில்லை என்றால் உடனே எலிமென்டைக் (உள்ளே சூடாகும் கம்பிச் சுருளை) குறை சொல்லிவிடுகிறார்கள். பழைய ஃபிளாட் ஒன்றில் பார்த்த கேஸ் இது. தகட்டில் 3600 வாட், 240 வோல்ட். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் 15 ஆம்பியர். 240-ஐ 15-ஆல் வகுத்தால் 16 ஓம்.

மெயினை அடைத்து, கரண்ட் இல்லை என்று சோதித்து, வயரைக் கழற்றி அளந்தால் மீட்டரில் 16.3. மீட்டரின் இரண்டு முனைகளையும் முட்டவைத்தால் அதுவே 0.3 காட்டியது. கழித்தால் 16. எலிமென்டில் குறையே இல்லை.

ஹீட்டரை முழு அளவில் ஓடவிட்டால் அதன் டெர்மினலில் 224 வோல்ட், 14 ஆம்பியர். பெருக்கினால் 3136 வாட். அதே நேரம் டிபி பாக்ஸில் (வீட்டு வயர்களெல்லாம் பிரியும் மெயின் சுவிட்ச் பெட்டியில்) 229 வோல்ட். நடுவே 5 வோல்ட் எங்கே போயிற்று? 15 மீட்டர் தூரம், 4 சதுர மி.மீ. செம்பு வயர், போகவர 30 மீட்டர். ஒரு சதுர மி.மீ. செம்பு வயருக்கு மீட்டருக்கு 0.0172 ஓம் என்பதால் 0.0172 × 30 ÷ 4, அதாவது 0.13 ஓம். அது 14 ஆம்பியரில் 1.8 வோல்ட்தான் தின்னும். மீதி 3.2 வோல்ட் ஹீட்டர் சுவிட்சின் தளர்ந்த ஸ்க்ரூவில். 3.2 × 14, கிட்டத்தட்ட 45 வாட். ஒரு சால்டரிங் அயர்ன் அந்தச் சின்ன டெர்மினலுக்குள் எரிகிற மாதிரி! சுவிட்ச் பழுப்பாகிப் போயிருந்ததில் ஆச்சரியமில்லை. சுவிட்சை மாற்றி, கருகிய வயர் நுனியை வெட்டிப் புதிதாகச் சீவி இறுக்க வேண்டும்.

இன்னொன்று. நம் மலேசியாவில் 2008 முதல் அறிவிக்கப்பட்ட அளவு 230 வோல்ட். 10 சதவீதம் ஏறலாம், 6 சதவீதம் இறங்கலாம். 240 வோல்ட்டுக்குச் செய்த 16 ஓம் எலிமென்ட் 230-இல் 3306 வாட்தான் தரும். வோல்ட் 4 சதவீதம் குறைந்தால் வாட் 8 சதவீதம் குறையும். வீட்டுக்காரரிடம் தண்ணீரைக் குறைத்துத் திறக்கச் சொல்லுங்கள்: 3136 வாட்டில் நிமிடத்துக்கு 3 லிட்டர் போனால் 15 டிகிரி ஏறும், 2 லிட்டர் போனால் 22.

பிறை மெயின்டனன்ஸ்

வயரைக் கவ்விப் பிடித்து கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரில் லைவ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் பூஜ்யம்தான் காட்டும். ஒரு வயரை மட்டும் பிடிக்கணும். சின்ன கரண்ட் என்றால் வயரை 10 சுற்று சுற்றிவிட்டு, காட்டுவதை 10-ஆல் வகுக்கலாம்.

ஜெலுத்தோங் எல்இடி

தைப்பூசம் நெருங்கினால் பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் காவடிகளில் எல்இடி ஸ்ட்ரிப் ஒட்டும் வேலை வரும். ஒரு மீட்டர் நீளத்துக்கு 14.4 வாட் எடுக்கும் 12 வோல்ட் ஸ்ட்ரிப் 5 மீட்டர் என்றால் 72 வாட், 6 ஆம்பியர். கணக்கு சரி, ஆனால் அளந்தால் மீட்டரில் 4.7 ஆம்பியர்தான் காட்டும்.

காரணம் மெல்லிய வயர். பேட்டரியிலிருந்து 2 மீட்டர், 0.5 சதுர மி.மீ. வயர்: போகவர 0.14 ஓம். இந்த ஸ்ட்ரிப்பில் 3 எல்இடி சேர்ந்து ஏறக்குறைய 9 வோல்ட் எடுத்துக்கொள்ளும், கரண்டைக் கட்டுப்படுத்தும் ரெசிஸ்டருக்கு மிச்சம் 3 வோல்ட்தான். வயரில் 0.65 வோல்ட் போனாலே கரண்ட் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறையும். ஹீட்டர் கணக்கை இதற்கு அப்படியே போடக் கூடாது. 1.5 சதுர மி.மீ. வயர் போட்டால் 5.5 ஆம்பியர் வரும். ஸ்ட்ரிப்பின் இரு முனையிலும் சப்ளை கொடுங்கள், கடைசி மீட்டர் மங்காது. பேட்டரி பாசிட்டிவ் பக்கத்திலேயே 7.5 ஆம்பியர் பியூஸ் கட்டாயம்.

7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒரு மணி நேரத்துக்கு மேல் வரும் என்று நம்பாதீர்கள். அந்த 7 என்பது 20 மணி நேரம் மெதுவாக இழுத்தால் கிடைப்பது. 6 ஆம்பியரில் முக்கால் மணி தாங்கினாலே அதிகம்.

பட்டர்வொர்த் ஏர்கோன்

மோட்டாருக்கும் ஹீட்டர் கணக்கை அப்படியே போடக் கூடாது. ஃபிரிட்ஜ் கம்ப்ரசர் காயிலை அளந்தால் 15 ஓம். 230-ஐ 230-ஆல் பெருக்கி 15-ஆல் வகுத்து "3500 வாட்" என்று ஒரு தம்பி பில் கணக்கே போட்டுவிட்டார்! ஓடும்போது இழுப்பது 0.8 ஆம்பியர். ஏசி கரண்டில் காயிலின் இண்டக்டன்ஸும் (காயிலின் காந்தப்புலம் கரண்ட் மாறுவதை எதிர்ப்பது) கரண்டைத் தடுக்கும், ஓம் மீட்டருக்கு அது தெரியாது. 230 × 0.8 = 184 என்பதும் வாட் இல்லை; அது வோல்ட்-ஆம்பியர். வாட் மீட்டரில் 110 காட்டியது; 110-ஐ 184-ஆல் வகுத்தால் வரும் 0.6-தான் பவர் ஃபேக்டர். வீட்டு மீட்டர் எண்ணுவது அந்த 110-ஐத்தான்.

பிறை மெயின்டனன்ஸ்

பழைய குண்டு பல்பும் ஓம் மீட்டரை ஏமாற்றும். 240 வோல்ட் 60 வாட் பல்ப் எரியும்போது 960 ஓம், குளிர்ந்திருந்தால் அதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. ஹீட்டர் எலிமென்டின் நிக்ரோம் கம்பி (நிக்கல்-குரோமியம் கலவை) அப்படி மாறாது, அதனால்தான் மேலே அண்ணன் சொன்ன 16 ஓம் சூட்டிலும் ஏறக்குறைய அப்படியே நிற்கிறது.