450 வாட் எஸ்எம்பிஎஸ், ஆர்எக்ஸ் 580: கேம் ஓடும்போது ரீஸ்டார்ட்

கேள்வி:
ஐ5-4570 ப்ராசஸர், ஆர்எக்ஸ் 580 கிராஃபிக்ஸ் கார்டு. கேபினெட்டோடு வந்த 450 வாட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை). கேம் திறந்த பத்து நிமிஷத்தில் ஸ்கிரீன் கறுத்து ரீஸ்டார்ட் ஆகிறது. லேபிளில் 3.3 வோல்ட் 22 ஆம்பியர், 5 வோல்ட் 20, 12 வோல்ட் 16, ஸ்டாண்ட்பை (சிஸ்டம் ஆஃப் ஆனாலும் வரும் 5 வோல்ட்) 2 என்று இருக்கிறது. கார்டுக்கான 8 பின் வயர் இல்லாததால் இரண்டு மோலெக்ஸிலிருந்து (பழைய 4 பின் கனெக்டர்) கன்வெர்ட்டர் போட்டிருக்கிறேன். கோளாறு கார்டிலா, சப்ளையிலா?

பதில் 1:
கார்டைக் கழற்ற வேண்டாம். 12 வோல்ட் வரியை மட்டும் பாருங்கள்: 12 × 16 = 192 வாட். கார்டு 185, ப்ராசஸர் 84. இரண்டும் 12 வோல்ட்டில்தான் ஓடுகின்றன. ஃபேன், ஹார்டு டிஸ்க் சேர்க்காமலே 269 ஆகிவிட்டது.

இன்னொரு கூத்து. நீங்கள் எழுதிய நான்கையும் பெருக்கிக் கூட்டினாலும் 375 வாட்கூட வரவில்லை, அப்புறம் 450 எங்கிருந்து வந்தது? அப்படிக் கூட்டவும் கூடாது. இந்த ரகத்தில் 3.3-ம் 5-ம் பெரும்பாலும் டிரான்ஸ்ஃபார்மரில் ஒரே சுற்றைப் பங்குபோடுகின்றன. ஒழுங்கான லேபிளில் இரண்டுக்கும் சேர்த்து ஒரு வரம்பு போட்டிருப்பார்கள்.

பதில் 2:
கேம் ஓடும்போதே காலியான மோலெக்ஸில் மஞ்சள்-கறுப்பு வயர்களை (12 வோல்ட்) மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள். 11.4 வோல்ட்டுக்குக் கீழே போனால் விடை கிடைத்துவிட்டது. சிவப்பையும் (5 வோல்ட்) அளந்து பாருங்கள், அது 5.25-ஐத் தாண்டியிருக்கலாம். மலிவு சப்ளையில் 5, 12 இரண்டுக்கும் சேர்த்து ஒரே ரெகுலேஷன். 12-இல் லோடு ஏறி 5-இல் இல்லாவிட்டால் ஒன்று இறங்கும், மற்றது ஏறும். ரிப்பிள் (வோல்டேஜில் வரும் வேகமான சிற்றலை) மட்டும் மல்டிமீட்டரில் தெரியாது, அதற்கு ஆஸிலாஸ்கோப் வேண்டும்.

அந்தக் கன்வெர்ட்டரை முதலில் கழற்றுங்கள். 8 பின் என்பது 150 வாட், அதாவது 12.5 ஆம்பியர். மெல்லிசு வயரில் அது போனால் கனெக்டர் உருகும்.

பதில் 3:
திறந்து பார்ப்பதானால் பிளக்கைப் பிடுங்கி நேரம் விட்டுத் திறங்கள். பெரிய கப்பாசிட்டர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கும். காசு மிச்சம் பிடிக்க அதை வடிக்கும் டிஸ்சார்ஜ் ரெசிஸ்டரைக்கூட விட்டிருப்பார்கள். மெயின்ஸ் நுழையும் இடத்தில் ஃபில்டர் காயில் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஜம்பர் கம்பி, ஹீட்சிங்கில் இரண்டு 13007 டிரான்சிஸ்டர், 330 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் என்றால் 250 வாட்டே அதிகம்.

உண்மையான பயம் ஸ்டாண்ட்பை பகுதிதான். பழைய இரண்டு டிரான்சிஸ்டர் டிசைனில் ஒரு சின்ன எலக்ட்ரோலிட்டிக் கப்பாசிட்டர் காய்ந்துபோனால் 5 வோல்ட் ஸ்டாண்ட்பை கட்டுப்பாடில்லாமல் ஏறும். சிஸ்டம் ஆஃப் ஆகியிருந்தாலும் பிளக்கில் இருக்கிறவரை அது மதர்போர்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும்.

கேட்டவர்:
சும்மா இருக்கும்போது 12.1, கேமில் 11.2. சிவப்பு 5.3. மாற்றிவிடுகிறேன். எதைப் பார்த்து வாங்குவது?

பதில் 1:
12 வோல்ட்டில் குறைந்தது 30 ஆம்பியர், சப்ளையிலிருந்தே வரும் 6+2 பின் (கார்டுக்கான 8 பின் வயர்). பின்பக்கம் 115/230 சிவப்பு சுவிட்ச் இருந்தால் ஆக்டிவ் பிஎஃப்சி (பவர் ஃபேக்டரைத் திருத்தும் சர்க்யூட்) இல்லை என்று வைத்துக்கொண்டு அடுத்ததைப் பாருங்கள். 80 பிளஸ் (மின் திறனுக்கான சான்று) ஸ்டிக்கரை யாரும் அச்சடிக்கலாம், அந்த மாடல் எண் 80 பிளஸ் பட்டியலில் இருக்கிறதா என்று தேடிவிட்டுக் காசு கொடுங்கள்.