பழைய நிலக்காட்சி ஓவியங்களில் ஏன் இத்தனை உடைந்த தூண்கள்?

ஓரக்கண்: 17ஆம் நூற்றாண்டு நிலக்காட்சி ஓவியங்களை நாலு நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கிளாட் லொரேன், பூசன் என்று எந்த ஓவியரை எடுத்தாலும் ஓரத்தில் ஒரு இடிந்த கோயில், செடி முளைத்த ஒரு வளைவு. இதெல்லாம் நிஜமாகவே அங்கே இருந்ததா, இல்லை சும்மா சேர்த்துக்கொண்டதா? உண்மையைச் சொன்னால் எனக்கு அலுத்துவிட்டது.

மைக்கூடு: இருந்ததுங்க. ரோமின் பழைய ஃபோரத்துக்கே, அதாவது பண்டைய நகரத்தின் மையப் பொதுத் திடலுக்கே, அப்போது காம்போ வச்சீனோ என்றுதான் பெயர், மாட்டுத் திடல் என்று அர்த்தம். பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ள கிளாடின் 1636 ஓவியத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், ரோமப் பேரரசர் செப்டிமியஸ் செவரஸின் வெற்றி வளைவு பாதி மண்ணுக்குள் புதைந்து நிற்கும். அது கற்பனை இல்லை, பின்னால் தோண்டி எடுக்கும்வரை அப்படித்தான் கிடந்தது.

சாம்பல்நிறம்: பாதிதான் சரி. எல்லாரும் உள்ளதை உள்ளபடி வரையவில்லை. கிளாட், ரோமுக்குப் பக்கத்து ஊரான டிவோலியில் இருக்கும் வட்டக் கோயிலைப் பெயர்த்து வேறு ஏதாவது கடற்கரை மேட்டில் வைத்துவிடுவார். 18ஆம் நூற்றாண்டில் பனீனி என்ற இத்தாலிய ஓவியர் இன்னும் ஒரு படி மேலே போய், பாந்தியன், கொலோசியம், டிராஜன் தூண் எல்லாவற்றையும் பக்கத்து வீடுகள் மாதிரி ஒரே படத்தில் நிறுத்திவிட்டார், ஊர் சுற்ற வந்த பணக்காரர்களுக்கு ஒரே சட்டத்தில் மொத்த ரோமும் கிடைத்துவிடும் இல்லையா. இந்த வகைக்கு கப்ரிச்சியோ என்று பெயர். அப்புறம் அந்த ஓரத்துத் தூணுக்கு ஒரு வேலை உண்டு. அதைக் கட்டைவிரலால் மறைத்துவிட்டுப் படத்தைப் பாருங்களேன்.

மைக்கூடு: சரி, கிளாட் விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பூசனை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். 1640இல் வரைந்த பத்மோஸ் தீவு ஓவியத்தில் புனித யோவான் உடைந்த தூண்களுக்கு நடுவே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறார். பழைய தெய்வங்களின் கோயில் விழுந்து கிடக்கிறது, அந்தக் கல் மேலேயே புது வேதம் எழுதப்படுகிறது. அதற்கு முன்பே இயேசு பிறந்த தொழுவத்தை இடிந்த மாளிகைக்குள் வரைகிற பழக்கமும் இருந்தது, அதுவும் இதே எண்ணம்தான்.

நடைபாதை: அலுப்பு தீர வேண்டுமென்றால் 18ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு ஓவியர் ஹூபேர் ரொபேர் பக்கம் போங்கள். லூவரின் நீண்ட கூடத்தைச் சீரமைக்கும் திட்டத்தில் மனுஷன் தானே இருந்தார். 1796இல் அந்தக் கூடத்துக்கு மேலிருந்து வெளிச்சம் விழுகிற மாதிரி ஒரு ஓவியம், கூடவே அதே கூடம் கூரை பிய்ந்து வானம் தெரிய இடிந்து கிடப்பதாக இன்னொன்று. கொஞ்ச காலம் முன்னால்தான் பிரெஞ்சுப் புரட்சிக்காலச் சிறையிலிருந்து வெளியே வந்திருந்தார் என்பதையும் நினைத்துக்கொண்டு பார்க்க வேண்டும்.

ஓரக்கண்: கட்டைவிரலால் மறைத்துப் பார்த்தேன். தூரத்து மலை சட்டென்று கிட்டே வந்து தட்டையாகிவிட்டது, விரலை எடுத்ததும் பழையபடி மைல் கணக்கில் போய்விட்டது! ரொபேர் படத்தையும் பார்த்தேன், அந்த இடிபாட்டுக்குள் ஒருவர் உட்கார்ந்து எதையோ வரைகிறாரே, அது என்ன?

நடைபாதை: அப்பல்லோ பெல்வெடேர் என்ற புகழ்பெற்ற பண்டைய சிலை. கூரையே போன பிறகும் அது மட்டும் நிற்கிறது பாருங்கள்.