கும்பகோணம் வீடு: டிசம்பரில் ஒரு டாஃபடில்

(எங்கள் குடும்பக் குழுவின் அரட்டை; நேரங்கள் லண்டன் நேரம்)

27 டிசம்பர் 2015

நான் (9:12): [படம்] [படம்]
இதைப் பாருங்கள். பின்பக்கத் தோட்டத்தில் வேலியோரம் டாஃபடில் பூத்துவிட்டது! மார்ச்சில் பூக்க வேண்டியது.

அம்மா (9:15): அழகாக இருக்கிறது கண்ணு. மஞ்சள் சாமந்தியா?

நான் (9:17): இல்லை அம்மா, இது கிழங்கிலிருந்து வருவது. சுற்றி ஆறு இதழ், நடுவில் நாதஸ்வரத்தின் விரிந்த முனை மாதிரி ஒரு குழல். நவம்பரில் நான் நட்ட டூலிப்பும் மண்ணுக்கு மேலே மூக்கை நீட்டுகிறது. இந்த மாதம் முழுக்க லண்டன் ஹாரோவில் ஸ்வெட்டரே போதும், குளிர் கோட்டு இன்னும் வெளியே எடுக்கவில்லை.

சித்தி (9:21): இரண்டாவது படத்தில் இருப்பது வெங்காயத்தாள்தானே? பறித்துப் பொரியல் பண்ணிவிடு.

நான் (9:22): ஐயோ சித்தி, அதுதான் டாஃபடில் இலை. விஷம்! கிழங்கும் அசல் வெங்காயம் மாதிரியே இருக்கும். தின்றால் வாந்திதான். இந்த பிப்ரவரியில் இங்கே சுகாதாரத் துறையே சூப்பர் மார்க்கெட்டுகளிடம் சொன்னது, டாஃபடிலைக் காய்கறிப் பக்கம் வைக்காதீர்கள் என்று.

சித்தி (9:23): சரி சரி, நான் எதுவும் சொல்லவில்லை.

மாமா (9:30): [படம்: ரோஜாப்பூ, காலை வணக்கம்]

அண்ணன் (9:31): மாமா, இங்கே மதியம் மூன்று மணி.

பெரியப்பா (9:44): குறுந்தொகையில் இதே கதை உண்டு. கார்காலத்தில் திரும்பி வருகிறேன் என்று தலைவன் போய்விட்டான். கொன்றை பூத்துவிட்டது, ஆளைக் காணோம். தலைவி கலங்குகிறாள். உடனே தோழி சொல்கிறாள்: இந்தக் கொன்றை சரியான மடமரம், எப்போதோ பெய்த வம்ப மாரியை, அதாவது காலம் தப்பிய மழையை, கார் என்று நம்பிப் பூத்துவிட்டது. உன் டாஃபடிலும் அந்தக் கட்சிதான்.

அண்ணன் (9:46): பெரியப்பா, நம் தெருக் கொன்றை சித்திரையில்தானே பூக்கிறது?

பெரியப்பா (9:47): பாட்டில் காரில்தான் பூக்கிறது. அது வேறு வழக்கு, நேரில் வா.

அம்மா (9:50): முடிச்சூரில் இப்போது எப்படி இருக்கிறது? சுவரெல்லாம் காய்ந்ததா?

சித்தி (9:58): ஈர வாடை இன்னும் போகவில்லை. 1ஆம் தேதி சென்னை வெள்ளத்தில் வந்த தண்ணீரில் தொட்டிகள் அத்தனையும் போயே போய்விட்டன. ஆனால் ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். வாசல் படிக்குப் பக்கத்தில் சேறு படிந்த இடத்தில் மழை லில்லி, ரோஸ் நிறத்தில் ஏழெட்டுப் பூ. அதை நான் எப்போது நட்டேன் என்றே நினைவில்லை.

அம்மா (9:59): படம் எடுத்துப் போடு.

சித்தி (10:01): கேமராவும் அந்தத் தண்ணீரில்தான் போனது. இது பழைய போன், படம் மங்கலாக வரும்.

நான் (14:20): பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் கேட்டேன். சிரிக்கிறார். வேலியோரம் இருப்பது எங்களுக்கு முன்னால் இருந்தவர் நட்ட ‘ரின்வெல்ட்ஸ் எர்லி சென்சேஷன்’ என்ற வகையாம். அது எப்போதுமே ஜனவரியில் பூப்பதுதானாம். போன குளிர்காலம் நாங்கள் இங்கே இல்லையே, எங்களுக்கு எப்படித் தெரியும்? ஆனால் பூங்காவில் மற்ற வகைகளும் பூத்துக்கொண்டிருப்பதைப் பார்த்தால் தனக்கே பயமாக இருக்கிறது என்றார்.

பெரியப்பா (14:31): மீதியையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பாட்டில் கார்காலம் நிஜமாகவே வந்துவிட்டது. தலைவியைத் தேற்றுவதற்காகத் தோழிதான் பொய் சொல்கிறாள். கொன்றை சரியாகத்தான் பூத்தது.

நான் (14:33): அப்போது காலையில் எதற்கு என் பூவைத் திட்டினீர்கள்?

பெரியப்பா (14:35): வகை தெரியாமல் சொல்லிவிட்டேன்.

அண்ணன் (14:40): டூலிப்பை என்ன செய்யச் சொன்னார்? மூடி வைக்க வேண்டுமா?

நான் (14:46): ஒன்றும் செய்ய வேண்டாமாம். இலை நுனி உறைபனியைத் தாங்கும், மொட்டு வெளியே வந்தபிறகுதான் கவலை. டாஃபடிலில் பூ கடந்த கோடையிலேயே கிழங்குக்குள் உருவாகிவிடுமாம். ஒன்றை அறுத்துக் காட்டினார். வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்காக, நடுவில் பட்டாணி அளவுக்குக்கூட இல்லாத மொட்டு. பாவமாக இருந்தது.

சித்தி (14:52): வரும்போது நாலு டூலிப் கிழங்கு கொண்டு வாயேன்.

நான் (14:55): அதற்குக் குறைந்தது 12 வாரம் குளிர் வேண்டும் சித்தி. இல்லாவிட்டால் தண்டு நீளாமல் மண்ணோடு மண்ணாகப் பூக்கும். ஃபிரிட்ஜில் வைக்கலாம், ஆனால் பக்கத்தில் பழம் இருக்கக் கூடாது. பழம் விடுகிற வாயுவில் உள்ளே இருக்கும் மொட்டு கருகிவிடும்.

சித்தி (14:57): முதலில் ஃபிரிட்ஜ் வாங்க வேண்டும்.

6 ஜனவரி 2016

அண்ணன் (7:05): டிசம்பர் கணக்கு வந்துவிட்டது. மத்திய இங்கிலாந்தின் சராசரி 9.7 டிகிரியாம். 1659இலிருந்து பதிவு வைத்திருக்கிறார்கள், அதில் இவ்வளவு சூடான டிசம்பர் இல்லை.

பெரியப்பா (7:40): சிவாஜி அப்சல் கானை வீழ்த்திய காலத்திலிருந்தா!

20 ஜனவரி 2016

நான் (8:10): [படம்]
போச்சு. ராத்திரி உறைபனி. புல் எல்லாம் வெள்ளை, மிதித்தால் அப்பளம் மாதிரி நொறுங்குகிறது. டாஃபடில் மொத்தமும் தரையில் சாய்ந்து கிடக்கிறது. தண்டைத் தொட்டேன், கண்ணாடி மாதிரி விறைத்திருக்கிறது.

அம்மா (8:12): அடடா. குச்சி வைத்துக் கட்டிவிடு.

நான் (8:15): தொடாதே, தொட்டால் ஒடிந்துவிடும் என்று பாட்டி சுவருக்கு மேலாகக் கத்துகிறார்.

நான் (12:40): [படம்]
எழுந்து நிற்கிறது! வெயில் பட்டு இரண்டு மணி நேரம்தான். ஒன்றே ஒன்று மட்டும் கழுத்து ஒடிந்துவிட்டது, அதைத் தம்ளரில் போட்டு ஜன்னலில் வைத்திருக்கிறேன்.

சித்தி (12:44): இங்கே மழை லில்லி முடிந்தது. விதை வருகிறதா என்று பார்க்கிறேன்.

அம்மா (12:45): அது இருக்கட்டும், நீ கோட்டு போட்டுக்கொண்டுதானே வெளியே நிற்கிறாய்?