மார்மன் மிஷனரி சேவைக்குக் கிளம்புகிறவர்களுக்கு: சிலரின் அனுபவப் பகிர்வு

மார்மன் சபையின் முழுப்பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. மார்மன் என்ற பெயரைத் தவிர்க்கும்படி 2018 ஆகஸ்டில் அன்றைய தலைவர் ரசல் நெல்சன் கேட்டுக்கொண்டார். ஊர் வாயில் இன்னும் அதுதான் ஓடுவதால் இங்கும் அப்படியே எழுதுகிறேன்.

ஊர் விட்டு ஊர் போய் மதப் பிரசாரம் செய்யும் இந்தச் சேவை இளைஞர்களுக்கு 24 மாதம், இளம்பெண்களுக்கு 18 மாதம். எந்த நாடு, எந்த மொழி என்பதைத் தேர்ந்தெடுக்க முடியாது, தலைமையகத்திலிருந்து அழைப்பு வரும். சம்பளம் கிடையாது, செலவு உங்களுடையது. அமெரிக்காவிலிருந்து போகிறவர்கள் மாதம் 400 டாலர் கட்டிக்கொண்டிருந்தார்கள், 2020 ஜூலையிலிருந்து அது 500. விலைவாசி உச்சத்தில் இருக்கும் நகரத்துக்குப் போனாலும், மலிவான ஊருக்குப் போனாலும் கட்டுகிற தொகை ஒன்றே.

கிளம்புவதற்கு முன் பல் டாக்டரைப் பார்த்துவிடுங்கள். ஞானப்பல் வளைந்து முளைத்திருந்தால் அப்போதே எடுத்துவிடுவது நல்லது. பாதி வழியில் வீங்கினால் நீங்கள் மட்டுமல்ல, எப்போதும் ஜோடியாக உங்களோடு இருக்கும் கூட்டாளி மிஷனரியும் சேர்ந்து அறையில் முடங்க வேண்டும். கோட்டு சூட்டு உடையில் காசைக் கொட்டாமல் காலணியில் போடுங்கள். ஒரே அளவில் இரண்டு ஜோடி வாங்கி நாள்விட்டு நாள் மாற்றிப் போட்டால் உள்ளே ஈரம் காயும், அடிப்பாகமும் நீடிக்கும்.

* * *

நாள் எப்படிப் போகும்னு கேட்கிறவங்களுக்கு. காலை 6:30க்கு எழணும். உடற்பயிற்சி, குளியல், காலைச் சாப்பாடு. அப்புறம் அன்றைய திட்டம், வேதம் படிப்பு, புது மொழின்னா மொழிப் படிப்பு. பத்து மணி வாக்கில் வெளியே கிளம்பினா ராத்திரி ஒன்பதுக்குத் திரும்பணும், 10:30க்கு விளக்கை அணைக்கணும். முன்னெல்லாம் மறுநாள் திட்டத்தை ராத்திரியே போட்டாங்க. 2017ல நேர அட்டவணையைத் தளர்த்தினப்போ அது காலைக்கு மாறிச்சு. நல்ல மாற்றம்தான், களைச்சுப் போய் எழுதுற திட்டம் வெறும் கிறுக்கல்.

வாரத்தில் ஒருநாள் 'பி டே', அதாவது சொந்த வேலைகளுக்கான தயாரிப்பு நாள். துணி துவைக்க, கடைக்குப் போக, வீட்டுக்கு எழுத. அதுவும் சாயங்காலம் ஆறு மணியோட முடிஞ்சுடும், மறுபடி டையைக் கட்டிட்டு வேலைக்குக் கிளம்பணும். பலர் செய்ற தப்பு, காலையில் தூங்கிட்டு மதியம் துவைக்கப் போடுறது. ஈரச் சட்டையோட மறுநாள் விடியும்.

எல்லாரும் கட்டுற பணத்திலிருந்து சாப்பாட்டுப் பணம் கார்டில் மாதாமாதம் ஏறும். ஏறின அன்னைக்கே நாலாப் பிரிச்சு எழுதி வையுங்க. முதல் வாரம் வெளியே சாப்பிட்டே தீர்த்தவங்களுக்குக் கடைசி வாரம் வெறும் ஓட்ஸ்தான்.

* * *

வீடு வீடாகப் போய்த் தட்டினால் கதவைச் சாத்துகிறார்களே என்றுதான் கிளம்புகிறவர்கள் பயப்படுகிறார்கள். அது இரண்டு வாரத்தில் பழகிவிடும். பழகாதது கூட்டாளி.

தூங்குவது ஒரே அறையில். வெளியே எங்கே போனாலும் ஒருவர் மற்றவரைப் பார்க்கவும் கேட்கவும் முடிகிற தூரத்தில் இருக்க வேண்டும், குளியலறை ஒன்றுதான் விதிவிலக்கு. யாரோடு யார் என்பது அந்தப் பகுதி மிஷனரிகளைக் கவனிக்கும் மிஷன் தலைவரின் முடிவு. ஆறு வாரத்துக்கு ஒருமுறை இடமாற்றப் பட்டியல் வரும். புதிதாக வருகிறவருக்கு முதல் 12 வாரம் பயிற்சியாளர் ஒருவர். புதியவரை 'கிரீனி' என்பார்கள்.

சண்டை பெரிய விஷயத்துக்கு வராது. கழுவாத தட்டு, அலாரம் அடித்தும் எழாதது, வாசலில் ஒருவரே பேசிக்கொண்டிருப்பது, இவ்வளவுதான். கடைசியதற்கு மருந்து சுலபம்: இந்தக் கதவு உனக்கு, அடுத்தது எனக்கு என்று படியேறும் முன்பே பிரித்துக்கொள்ளுங்கள். உள்ளே உட்கார்ந்து பாடம் சொல்லும்போது இரண்டு மூன்று நிமிடம் ஒருவர், பிறகு கேட்பவரிடம் ஒரு கேள்வி, பிறகு மற்றவர். மொழி வராத கிரீனிக்கு சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித் 1820இல் கண்ட முதல் தரிசனப் பகுதியை மனப்பாடமாகக் கொடுங்கள். அந்த நாலு வரியை அவர் சொல்ல, மூத்தவர் வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். நடுவே திருத்தினால் அந்தப் பையன் ஒரு மாதம் வாய் திறக்கமாட்டான்.

வாரத் திட்டம் முடிந்ததும் இருவரும் மனம்விட்டுப் பேசிக்கொள்ளும் நேரம் ஒன்று உண்டு. 'ஒன்றுமில்லை' என்று தட்டிக்கழிப்பவர்தான் ஐந்தாம் வாரம் வெடிப்பவர். ஏழு நாள் குறையை மூட்டைகட்டி வந்து அவிழ்ப்பதும் அதே அளவு கெடுதல். ஒருவருக்கு ஒரு குறை, அதுவும் செய்கையாக: 'நீ சோம்பேறி' வேண்டாம், 'செவ்வாயும் வியாழனும் ஏழு மணிக்குத்தான் எழுந்தாய்' போதும். வளர்ச்சி, பக்குவம் என்று எல்லோரும் பேசுவது என் கணக்கில் இந்த அரைமணியில்தான் நடக்கிறது. கோபித்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்த முடியாதே, அறையும் அவருடையது.

* * *

மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்கலாம். கதவு தட்டுவதில் நேரம் அதிகம் போகும், பலன் குறைவு. சபை உறுப்பினர் அறிமுகப்படுத்தும் ஆள் ஒருவர் கிடைத்தால் போதும், ஒரு தெரு முழுக்கத் தட்டியதற்குச் சமம். பாடத்தை நீட்டக்கூடாது. மது, புகையிலை, காபி, டீ கூடாது என்பதையும், வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைச் சபைக்குக் கொடுக்கும் தசமபாகத்தையும் ஒரே மூச்சில் சொல்லி முடிக்கிறவருக்கு அடுத்த சந்திப்பு கிடைப்பது கடினம்.

சைக்கிள் கிடைத்தால் பஞ்சர் ஒட்டும் சாமானும் சின்ன பம்பும் பையிலேயே இருக்கட்டும். கார் என்றால், பின்னால் எடுக்கும்போது கூட்டாளி இறங்கிப் பின்புறம் நின்று கைகாட்ட வேண்டும். மழையானாலும் அப்படித்தான்.

* * *

வீட்டு நினைப்பு பற்றி. முன்பு வருஷத்துக்கு இரண்டே தடவைதான் போன்: கிறிஸ்துமஸ், அன்னையர் தினம். 2019 பிப்ரவரியிலிருந்து வாராவாரம் பேசலாம். அம்மாவிடம் குறைகளை மட்டும் அடுக்காதீர்கள், அடுத்த அழைப்பு வரை அவருக்குத் தூக்கம் இருக்காது.

மன அழுத்தத்தைப் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என நாலு நிறமாகப் பிரித்துப் பார்க்கச் சபையே சொல்லித் தருகிறது. தூக்கமும் பசியும் நாள் கணக்கில் கெட்டால் ஜெபத்தோடு நிறுத்திவிடாமல் மிஷன் தலைவருக்குப் போன் போடுங்கள். உடல்நிலையால் பாதியில் திரும்புகிறவர்கள் உள்ளூரில் உதவிப் பணி செய்யும் சேவை மிஷனரியாகத் தொடர வழி இருக்கிறது, அதை வெட்கமாக நினைக்க வேண்டாம்.

கடைசி ஆறு வாரத்தில் மனசு பெட்டியைக் கட்டத் தொடங்கும், அதை 'ட்ரங்கி' என்பார்கள். பெயர்ப்பட்டையைக் கழற்றியதும் அட்டவணை போய்விடும், கூட்டாளியும் போய்விடுவார். அதனால் படிப்பையோ வேலையையோ ஊர் திரும்பும் முன்பே பதிவுசெய்து வைப்பது உத்தமம். வீட்டில் முதல்முறை காரைப் பின்னால் எடுக்கும்போது, இறங்கி நிற்க ஆளைத் தேடத்தான் செய்வீர்கள்.