புதுப்பிப்பு: கிளைகளின் கமரா மாற்றும் வேலை

எங்கள் சூப்பர்மார்க்கெட் கிளைகளில் பழைய அனலொக் கமராக்களை ஐபிக்கு (கணினி வலையமைப்பில் ஓடும் கமராக்களுக்கு) மாற்றும்போது வயரையும் மாற்ற வேண்டுமா என்று முன்பு கேட்டிருந்தேன். வெள்ளவத்தைக் கிளை முடிந்துவிட்டது. புது வயர்தான் இழுத்தோம். கூரைக்குள் கோஆக்ஸ் (பழைய கமரா வயர்) முனைகள் கடற்காற்றில் பச்சை பிடித்துக் கிடந்தன. பின்பக்கக் களஞ்சியத்துக்கான தூரம், வயரை ஒரே இழுப்பாக இழுக்கக்கூடிய 100 மீற்றரைத் தாண்டியதால் நடுவில் ஒரு பிஓஇ சுவிட்ச் (அதே வயரில் மின்சாரமும் கொடுக்கும் இணைப்புப் பெட்டி) வைத்தோம்.

சேமிப்புத்தான் பெரிய தலையிடி. 4 எம்பிபிஎஸ்ஸில் (நொடிக்கு 4 மெகாபிட்) ஓடும் ஒரு கமராவுக்கே நாளுக்கு 43 ஜிபி. எச்.265 என்ற வீடியோச் சுருக்க முறையைப் போட்டு 2 எம்பிபிஎஸ்ஸுக்கு இறக்கியும், 16 கமராவை 30 நாள் வைத்திருக்க 10 டிபிக்கு மேல் வேண்டும். காசாளர் மேசைக்கு மேலுள்ளதை மட்டும் இறக்கவில்லை. கொடுத்த நோட்டு 500ஆ 5000ஆ என்று தெரிய வேண்டுமே!

அடுத்தது கொட்டாஞ்சேனை. கடை பூட்டிய பிறகு, இரவில்தான் வேலை செய்ய விடுவார்களாம்.