கோ மொழியில் எஸ்க்யூலைட்: டைம்அவுட் வைத்தும் உடனே ‘டேட்டாபேஸ் இஸ் லாக்டு’ வருகிறது

பாம்பன்காரன்:
வணக்கம். இங்கே இறால், கணவாய் கொள்முதல் செய்யும் ஒரு கடைக்குக் கோ மொழியில் கணக்கு நிரல் எழுதியிருக்கிறேன். எல்லாம் ஒரே எஸ்க்யூலைட் (ஒரே கோப்பில் இயங்கும் தரவுத்தளம்) கோப்பு. வால் மோட் (மாற்றங்களை முதலில் தனிக் கோப்பில் எழுதும் முறை, WAL) போட்டாயிற்று, பிஸி டைம்அவுட் (பூட்டுக்காகக் காத்திருக்கும் நேரம்) 5000 மில்லிசெகண்ட். விசைப்படகுகள் மொத்தமாகக் கரை சேர்ந்து இரண்டு தராசிலும் எடை போடும்போது மட்டும் சில எடைகள் ‘லாக்டு’ (பூட்டியிருக்கிறது) என்ற பிழையோடு பதிவாகாமல் போகின்றன. 5 விநாடி காத்திருக்க வேண்டாமா? பிழை அந்த நொடியே வருகிறது. விடுபடும் ஒவ்வொரு எடையும் ஒரு படகுக்காரரின் பணம். ஜூன் 14-ல் தடைக்காலம் முடிகிறது, அதற்குள் சரிசெய்தாக வேண்டும்.

தொண்டி:
தம்பி, கோப்பு எங்கே இருக்கிறது? நெட்வொர்க் போல்டரில் என்றால் வால் மோட் சரிவராது. டிரான்சாக்‌ஷனுக்குள் (ஒன்றாக முடியும் கட்டளைத் தொகுப்பு) முதல் வரி செலக்டா (படிப்பது), இன்சர்ட்டா (எழுதுவது)?

பாம்பன்காரன்:
அதே கணினியின் டிஸ்க்தான் அண்ணே. முதலில் படகின் முன்பணப் பாக்கியை செலக்ட் செய்கிறேன், அப்புறம் எடையை இன்சர்ட்.

தொண்டி:
சிக்கல் அந்த செலக்டில்தான். தொகுப்பைத் தொடங்கும் வெறும் ‘பிகின்’ கட்டளை, எழுதுவதற்கான பூட்டை எடுப்பதில்லை. செலக்ட் ஓடியதும் அந்த நேரத்து நிலை உங்களுக்குப் பிடித்து வைக்கப்படுகிறது. இடையில் இன்னொரு தராசு எழுதி முடித்துவிட்டால் நீங்கள் படித்த பாக்கி பழையது. எவ்வளவு காத்திருந்தாலும் அது புதியதாகாது, அதனால் எஸ்க்யூலைட் டைம்அவுட்டைப் பார்க்காமல் உடனே மறுக்கிறது. அது மறுப்பதே நல்லது, இல்லாவிட்டால் பழைய பாக்கியின் மேல் கழித்திருப்பீர்கள். எழுதப் போகிற டிரான்சாக்‌ஷனை ‘பிகின் இமீடியட்’ என்று தொடங்குங்கள். பூட்டு முதலிலேயே கிடைக்கும், கிடைக்காதவர் டைம்அவுட்படி காத்திருப்பார். சிகோ டிரைவர் (சி மொழி நூலகத்தைக் கோவோடு இணைக்கும் இணைப்பு நிரல்) என்றால் கனெக்‌ஷன் வரியிலேயே ‘டிஎக்ஸ்லாக்’ என்ற அமைப்பு இருக்கிறது.

கீழக்கரை:
கோவின் டேட்டாபேஸ் பொருள் ஒரு கனெக்‌ஷன் இல்லை, பல கனெக்‌ஷன்களின் தொகுப்பு. டைம்அவுட் வைக்கும் பிராக்மா கட்டளையை ஒருமுறை ஓட்டினால் அந்த ஒரு கனெக்‌ஷனுக்குத்தான் டைம்அவுட் பொருந்தும். அதையும் கனெக்‌ஷன் வரியில் வையுங்கள். கனெக்‌ஷனை ஒன்றாகக் குறைப்பதும் ஒரு வழி. ஆனால் டிரான்சாக்‌ஷனுக்குள் தவறி வெளிப் பொருளை அழைத்தால் நிரல் அப்படியே நின்றுவிடும். செலக்ட் தரும் வரிசைகளை (rows) படித்ததும் குளோஸ் செய்யவும்.

பாம்பன்காரன்:
இமீடியட் போட்டு, இரண்டு கோரூட்டின்களை (ஒரே நேரத்தில் ஓடும் நிரல் பகுதிகள்) ஒரே படகின் கணக்கில் மோதவிட்டுப் பார்த்தேன். ஒன்றும் விடுபடவில்லை, பாக்கியும் சரி. மிக்க நன்றி அண்ணே. தினமும் பென்டிரைவில் கோப்பை காப்பி எடுக்கிறேன், அது போதுமா?

தொண்டி:
நிரல் ஓடும்போது வெறும் காப்பி வேண்டாம். கடைசிப் பதிவுகள் பக்கத்தில் இருக்கும் வால் கோப்பில் கிடக்கலாம். ‘வேக்யூம் இன்டு’ கொடுத்து முழுப் பிரதி எடுங்கள். எஸ்க்யூலைட் 3.27 பதிப்பிலிருந்து இருக்கிறது.