1902 இருபது டாலர் நோட்டில் இருக்கும் இவர் யார்?

கேள்வி:
என் சேகரிப்பில் 1902 வரிசை அமெரிக்க இருபது டாலர் நோட்டு ஒன்று இருக்கிறது. நீல முத்திரை. இடது பக்கப் படத்தில் இருப்பவர் பெயர் மெக்கல்லக். ஜனாதிபதிகள் பட்டியலில் தேடிப் பார்த்தேன், ஆள் இல்லை. யார் இவர்?

பதில் 1:
ஹியூ மெக்கல்லக். நம்ம ஜாதி சார், பேங்க்காரர். நானும் கவுண்டரில் முடி நரைத்தவன், அதனால் இவர் மேல் தனிப் பிரியம்.

1808இல் மேய்ன் மாநிலத்தில் பிறந்தவர். வக்கீல் தொழில் பார்க்க இந்தியானாவின் ஃபோர்ட் வெயினுக்குப் போய், 1835இல் அங்கே ஸ்டேட் பேங்க் கிளையில் கேஷியர் ஆனார். கேஷியர் என்றதும் பணம் எண்ணிக் கொடுப்பவர் என்று நினைக்காதீர்கள். அன்றைக்குக் கிளையையே நடத்துபவர் அவர்தான். அப்போது ஒவ்வொரு பேங்க்கும் தன் பெயரில் நோட்டு அடித்தது. கள்ள நோட்டைக் கண்டுபிடிக்கவென்றே புத்தகம் அச்சடித்து விற்றார்கள். நீட்டுகிற நோட்டை அதில் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். நினைத்தாலே எனக்குத் தலை சுற்றுகிறது.

1862இல், மத்திய அரசின் கண்காணிப்பில் பேங்க்குகளை உண்டாக்கும் தேசிய வங்கிச் சட்டம் வரக்கூடாது என்று வாதாட வாஷிங்டன் போனார். 1863இல் சட்டம் வந்தது. அதை நடத்த முதல் கன்ட்ரோலராக, அதாவது அந்த பேங்க்குகளைக் கண்காணிக்கும் அதிகாரியாக, நிதியமைச்சர் சேஸ் கூப்பிட்டது இவரைத்தான்! அந்த டிசம்பரில் புது பேங்க்குகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். அதில் ஓர் இடம்: ஊழியர்கள் திருடாமல் கௌரவமாகப் பிழைக்கிற அளவுக்குச் சம்பளம் கொடுங்கள். கல்லாப் பக்கம் உட்கார்ந்தவனுக்குத்தான் இது எழுத வரும்.

1865 மார்ச்சில் நிதியமைச்சர். அடுத்த மாதமே லிங்கனின் மரணப் படுக்கை அருகே நின்றார்.

பதில் 2:
நல்லவர்தான், ஆனால் கடன் வாங்கியவன் வயிற்றில் அடித்தவர். உள்நாட்டுப் போர்ச் செலவுக்கு அரசே அடித்த, தங்கமாக மாற்ற முடியாத கிரீன்பேக் நோட்டுகளைத் திரும்ப இழுத்துக்கொண்டே போனார். 1866 சட்டப்படி முதல் ஆறு மாதத்தில் ஒரு கோடி டாலர் வரை, பிறகு மாதம் 40 லட்சம் வரை. பணப் புழக்கம் குறைந்து விலை இறங்கியது, வாங்கிய கடன் இறங்கவில்லை. 1868 பிப்ரவரியில் காங்கிரஸே போதும் என்று நிறுத்திவிட்டது.

கேட்டவர்:
நன்றி. காகிதப் பணம் பிடிக்காதவர் முகத்தைக் காகிதத்திலேயே போட்டுவிட்டார்களா!

பதில் 1:
அப்படிச் சொல்ல முடியாது சார். அவருக்குக் கசந்தது தங்கம் தராத கிரீன்பேக். உங்களிடம் இருப்பது தேசிய வங்கி நோட்டு. அரசுப் பத்திரங்களை ஈடு வைத்து ஒரு பேங்க் வெளியிட்டது. நடுவில் அந்த பேங்க்கின் பெயர் இருக்கும். கீழே இரண்டு கையெழுத்து, வலப்பக்கம் தலைவருடையது. இடப்பக்கம் யாருடையது என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள்.

கேட்டவர்:
மை கொஞ்சம் வெளுத்திருக்கிறது. 'கேஷியர்'.